குண்டு வெடித்த மாவட்டம் எப்படி வாக்களித்தது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையின் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழு மாதம் முடிவதற்குள், நவம்பர் 16 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச 52.25 வீத வாக்குகளுடன் வென்றார். இவ்விரண்டையும் ஒரு கோட்டால் இணைத்து, குண்டுதான் ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது என்று பேசுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. அரசியல்வாதிகளும் பேசுகிறார்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தேர்தல் பெறுபேறுகளை எடுத்து வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பார்க்க வேண்டிய காரணம் இருக்கிறது. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் இறந்த ஏறத்தாழ முப்பது பேரில் பாதியளவு சிறுவர்கள். தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாசிம் அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள காத்தான்குடியைச் சேர்ந்தவர். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, அம்பாறை மாவட்டத்தின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். அதில் சிறு பிள்ளைகளும் செத்தார்கள். தாக்கப்பட்டவர்கள், தாக்கியவர்களின் ஊர், கடைசி வெடிப்பு ஆகிய மூன்றும் ஒரே கரையோரத்தில், ஒரே பஸ் பாதையில் இருக்கின்றன. பயங்கரவாதத் தாக்குதல் வாக்காளர் மனதை மாற்றும் என்றால், முதலில் மாறியிருக்க வேண்டியது இந்த மனங்கள்தான்.

2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவுக்கு மட்டக்களப்பு மாவட்டம் 16.2 வீத வாக்குகளைக் கொடுத்தது. குண்டு வெடித்த பின்னர், 2019இல், அவருடைய தம்பி கோட்டாபயவுக்குக் கொடுத்தது 12.7 வீதம். வாக்களித்தோர் தொகை கூடியிருந்தும், அந்தத் தரப்புக்கு விழுந்த வாக்கு 41,631இல் இருந்து 38,460ஆகக் குறைந்தது. எதிர்த்து நின்ற சஜித் பிரேமதாச 78.7 வீதம் பெற்றார். அம்பாறை மாவட்டத்தில், அதாவது திகாமடுல்லையில், மகிந்த 2015இல் பெற்றது 33.8 வீதம், கோட்டாபய 2019இல் பெற்றது 32.8 வீதம். அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் ராஜபக்ச தரப்பு 47.58இல் இருந்து 52.25க்கு ஏறிய அதே காலத்தில், தாக்குதலின் நடுவில் அகப்பட்ட இரண்டு மாவட்டங்களில் அது ஏறவில்லை.

இதை விளங்கிக்கொள்ளாமல் உயிர்த்த ஞாயிறின் அரசியலை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தாக்குதலுக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவை உலகம் முழுக்க ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலை வைத்து கிளாட் பெரெபி, எஸ்தெபான் குளோர் என்ற இரு பொருளியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் பேசப்பட்டது. தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் ஓர் ஊரில் தாக்குதல் நடந்தால், அந்த ஊரில் வலதுசாரி அணியின் வாக்கு 1.35 வீதப் புள்ளிகள் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். தேர்தல் நெருங்க நெருங்க அந்தத் தாக்கம் பெரிதாகிறது. சிறிய எண் போலத் தெரியலாம். இரு அணிகளும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் நாட்டில் அது ஆட்சியை மாற்றப் போதும். 1996 மே மாதத் தேர்தலில் பெஞ்சமின் நெதன்யாகு ஒரு வீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் சிமோன் பெரஸைத் தோற்கடித்தார். அந்த ஆண்டின் பெப்ரவரியிலும் மார்ச்சிலும் பஸ்களில் குண்டுகள் வெடித்திருந்தன.

ஆனால் இந்தச் சூத்திரம் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே டெல்லி மாநிலத் தேர்தல் நடந்தது. ஆளும் காங்கிரஸ் தோற்கும் என்றார்கள். ஷீலா தீட்சித் வென்றார். அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் காங்கிரஸ் கூட்டணியே வந்தது. பத்தாண்டு கழித்து, 2019 பெப்ரவரியில் புல்வாமாவில் 40 துணை இராணுவத்தினர் கொல்லப்பட்டபோது, பா.ஜ.க. அரசாங்கம் பாலாகோட்டில் விமானத் தாக்குதல் நடத்திவிட்டுத் தேர்தலுக்குப் போய் 303 ஆசனங்களை வென்றது. நாடு ஒன்றுதான், துயரமும் ஒன்றுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மக்கள் முன் போனவர்கள் வேறு, போன விதமும் வேறு.

தலைவர் ஒருவர் கொல்லப்படும்போது நடப்பது இன்னொரு வகை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது இந்தியாவில் முதற்கட்ட வாக்களிப்பு முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. மீதித் தொகுதிகள் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயின. கொலைக்கு முன் வாக்களித்த தொகுதிகளைவிடப் பின்னர் வாக்களித்த தொகுதிகளில் காங்கிரஸ் மிக நன்றாகச் செய்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. - காங்கிரஸ் கூட்டணி 39 நாடாளுமன்றத் தொகுதிகளையும் அள்ளியது, சட்டமன்றத்தில் தி.மு.க. இரண்டு இடங்களுக்குச் சுருங்கியது. ஈழத் தமிழர் மீதான தமிழக மக்களின் பார்வையே அந்த ஒரு மாதத்தில் புரண்டுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை. நம் நாட்டில் 1994 ஒக்டோபரில் எதிர்க்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க கொழும்பு தொட்டலங்கவில் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேட்பாளராக நின்றும் அனுதாபம் வாக்காகவில்லை. சந்திரிகா குமாரதுங்க 62 வீதத்துடன் வென்றார். 1999 டிசம்பர் 18 அன்று சந்திரிகாவே குண்டுக்கு இலக்காகி ஒரு கண்ணை இழந்தார். மூன்று நாளில் தேர்தல். 51 வீதத்துடன் தப்பினார்.

கிழக்குக்கும் அந்த அனுபவம் உண்டு. 2008 மே 9 அன்று அம்பாறை நகரின் உணவுக்கடை ஒன்றில் குண்டு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த நாள் கிழக்கு மாகாண சபைத் தேர்தல். தேர்தல் நிற்கவில்லை. ஆளும் கூட்டணி வென்றது. புலிகளில் இருந்து பிரிந்து அரசாங்கத்தோடு நின்ற தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் சிவநேசதுரை சந்திரகாந்தன், எல்லோரும் பிள்ளையான் என்று அறிந்தவர், முதலமைச்சரானார். ஆயுதம் தாங்கிய ஒருவர் அதே ஆயுதத்தின் நிழலில் நடந்த தேர்தலில் முதலமைச்சரான அந்த நாளில், குண்டு எத்தனை வாக்கை மாற்றியது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. இங்கே பயம் தேர்தலுக்கு முன் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி அல்ல. நிரந்தரமாகக் குடியிருந்தது.

மீண்டும் 2019க்கு வருவோம். குண்டுதான் கோட்டாபயவைக் கொண்டுவந்தது என்பவர்கள் மறக்கும் ஒரு திகதி 2018 பெப்ரவரி 10. அன்று நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், தொடங்கிச் சொற்ப காலமே ஆன ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன நாடளாவிய ரீதியில் 40 வீதத்துக்கு மேல் எடுத்து எல்லோரையும் பின்தள்ளியது. அப்போது குண்டும் இல்லை, சஹ்ரானின் பெயரைக் காத்தான்குடிக்கு வெளியே அறிந்தவர்களும் அதிகம் இல்லை. மத்திய வங்கிப் பிணைமுறி மோசடியும் விலைவாசியும் 2015இல் வந்த நல்லாட்சி அரசாங்கத்தின் உள்வீட்டுச் சண்டையும் தெற்கின் வாக்காளரை ஏற்கெனவே திருப்பிவிட்டிருந்தன. 2018 ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கிய நாடகம் நாட்டை ஐம்பது நாளளவு அரசாங்கம் இல்லாத நிலையில் வைத்தது. அதன் பின், பதவிக்குத் திரும்பிய பிரதமர் ரணிலைப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கு அழைப்பதும் நின்றது. 2019 ஏப்ரல் 4 முதல் இந்தியாவில் இருந்து வந்த எச்சரிக்கைகள் அலுவலகங்களின் மேசைகளில் கிடந்தன. இதெல்லாம் சேர்ந்துதான் ஏப்ரல் 21.

ஆகவே தெற்கின் வாக்காளர் பயந்து வாக்களித்தார் என்பது பாதி உண்மை. தன்னைக் காக்கத் தவறிய அரசாங்கத்தைத் தண்டித்தார் என்பதே பெரிய பாதி. அந்தக் கணக்கில் கோபத்துக்கு நியாயமும் இருந்தது. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டு, பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றின் அந்நாள் உயரதிகாரிகள் மீதும் பொறுப்பைச் சுமத்தியதில் அது உறுதியானது. கோட்டாபய செய்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் கொடுத்தது. சாய்ந்தமருது வெடிப்பு நடந்த அதே ஏப்ரல் 26 அன்றே, தான் போட்டியிடப் போவதாகவும் இஸ்லாமியத் தீவிரவாதத்தைத் தடுத்து நிறுத்தப் போவதாகவும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் ஒன்றுக்குச் சொன்னார். இறந்தவர்களின் அடக்கச் சடங்குகள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மட்டக்களப்பாருக்கு அந்த முகம் புதியது அல்ல. 2009இல் போரின் இறுதிக் கட்டத்தை நடத்திய பாதுகாப்புச் செயலாளர் அவர். ஆள்கடத்தும் வெள்ளை வான், இரவுச் சுற்றிவளைப்பு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தியபடி வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் என்று, கொழும்பில் பாதுகாப்பு என்று சொல்லப்பட்டதை எல்லாம் இந்த மாவட்டம் அடுத்த பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறது. சீயோன் தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பமும், 1990இல் சத்துருக்கொண்டானிலோ வந்தாறுமூலையிலோ படையினரிடம் உறவைப் பறிகொடுத்த குடும்பமும் ஒரே தெருவில் இருக்கக்கூடும். ஒரே குடும்பமாகவும் இருக்கக்கூடும். அந்த வீட்டுக்குப் போய், கடுமையான கையுள்ள ஒருவரைக் கொண்டுவந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்ல முடியாது.

இதற்குக் கையருகே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. மட்டக்களப்பு நகரில் இருந்து வலையிறவுப் பாலம் கடந்தால் படுவான்கரை. அங்கே வவுணதீவுச் சோதனைச் சாவடியில் 2018 நவம்பர் 30 அதிகாலை இரு பொலிஸார், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். மாவீரர் நாள் கடந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. புலிகள் மீண்டும் தலையெடுக்கிறார்கள் என்ற பேச்சு உடனே எழுந்தது. முன்னாள் போராளி ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு மாதக்கணக்கில் அடைபட்டிருந்தார். உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர்தான் அந்தக் கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழு என்று தெரியவந்து அவர் விடுதலையானார். ஐந்து மாதம் விசாரணை தவறான திசையில் போனது. சரியான திசையில் போயிருந்தால் ஏப்ரல் 21 நடந்தே இருக்காது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை வீண் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

யார் செய்தது என்று அரசாங்கம் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகம் காட்டும் உதாரணம் மட்ரிட். 2004 மார்ச் 11, வியாழக்கிழமை, நகரின் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஞாயிறு தேர்தல். பாஸ்க் பிரிவினை இயக்கமான எட்டாதான் செய்தது என்று ஸ்பெயின் அரசாங்கம் அடித்துச் சொன்னது. செய்தது இஸ்லாமியத் தீவிரவாதக் குழு என்பதற்கான தடயங்கள் வெளிவந்துகொண்டே இருந்தன. கருத்துக்கணிப்புகளில் முன்னிலையில் இருந்த ஆளுங்கட்சி மூன்றே நாளில் தோற்றது. குண்டு வெடித்ததற்காக மட்டும் மக்கள் அதைத் தண்டிக்கவில்லை, தங்களை ஏமாற்றியதாக நினைத்ததற்காகவும் தண்டித்தார்கள். மட்ரிட்டில் மூன்று நாளில் வெளிப்பட்ட உண்மை வவுணதீவில் வெளிவர ஐந்து மாதமும் இருநூற்று அறுபது உயிர்களும் எடுத்தது. அதற்காக யாரும் வாக்குப்பெட்டியில் தண்டிக்கப்படவில்லை. அந்தச் சிறைவாசத்தின் கதை படுவான்கரையைத் தாண்டிப் பேசப்படவே இல்லை.

காத்தான்குடியின் கதை வேறு. சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூஃபி வழியைப் பின்பற்றுவோருடன் நடந்த மோதலுக்குப் பின் அவர் ஊரைவிட்டுத் தலைமறைவானார். சாய்ந்தமருதிலும் வீட்டில் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அயலில் இருந்த முஸ்லிம்கள். இருந்தும் 2019 மே மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகத்திரை தடை வந்தது. கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த காத்தான்குடி எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் பதவி விலக வேண்டும் என்று பௌத்த பிக்குவான அத்துரலியே ரத்தன தேரர் கண்டியில் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று ஹிஸ்புல்லாஹ் விலகினார். முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து பதவி துறந்தார்கள். பின்னர் ஹிஸ்புல்லாஹ்வே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். நாடு முழுவதும் 38,814 வாக்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மட்டக்களப்பு மாவட்டத்தில் விழுந்தது. மற்ற முஸ்லிம் வாக்கு பெரும்பாலும் சஜித்துக்குப் போனது.

இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் விடயம் இருக்கிறது. 2019இன் நடுப்பகுதியில் கிழக்கில் தமிழரும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசத் தயங்கினார்கள். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினால் பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கில் பழைய தலைமுறை சொல்வது இந்த அடுக்கைத்தான். அந்தப் பாதையில் அடுத்த ஊர்க் கடைக்குப் போவதை ஆட்கள் நிறுத்திக்கொண்ட காலம் அது. ஆகஸ்ட் கடைசியில், சீயோன் குண்டுதாரியின் உடற்பாகங்கள் மட்டக்களப்பு கள்ளியங்காடு இந்து மயானத்தில் புதைக்கப்பட்டது வெளியே தெரிந்ததும் ஊரவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். பின்னர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அவை தோண்டி எடுக்கப்பட்டன. தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனின் எச்சத்தைத் தங்கள் முன்னோர் கிடக்கும் மண்ணில் யாரையும் கேட்காமல் கொண்டுவந்து வைத்ததற்கு எதிரான கோபம் அது. அந்தக் கோபத்தில் எந்தப் பிழையும் இல்லை.

அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே மக்கள், அதே கோபத்தோடு, வாக்குச் சாவடிக்குப் போனார்கள். காத்தான்குடி வாக்காளரும் தங்கள் காயத்தோடு போனார்கள். இரு பக்கமும் சஜித்தின் அன்னச் சின்னத்துக்கே புள்ளடி போட்டன. ஒருவர் மீது ஒருவர் கடும் மனத்தாங்கலில் இருந்த இரு சமூகங்கள், தங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் அச்சம் இருக்கிறது என்பதை எவரும் மேடை போட்டு விளக்காமலே கண்டுகொண்டன. அம்பாறை மாவட்டத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள அம்பாறைத் தொகுதியில் கோட்டாபய பெரும் வித்தியாசத்தில் வென்றார். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளில் சஜித் பெரும் வித்தியாசத்தில் வென்றார். சாய்ந்தமருது வெடிப்பை ஒரே இரவில் கேட்ட ஒரே மாவட்டம். வெடிச்சத்தம் ஒன்று, அது யாரைப் பற்றிய பயமாக மாறியது என்பது தொகுதிக்குத் தொகுதி வேறு.

அப்படியானால் உயிர்த்த ஞாயிறு கிழக்கின் வாக்கைத் தொடவே இல்லையா? தொட்டது. ஜனாதிபதித் தேர்தலில் அல்ல, அடுத்த ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில். இது தேர்தல் முறையோடு சம்பந்தப்பட்டது. ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே கேள்வி. கிழக்கின் சிறுபான்மையினருக்கு அங்கே விடை ஏறத்தாழ நிச்சயம். பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டப் பட்டியல், அந்தப் பட்டியலில் விரும்பியவருக்குப் போடும் விருப்பு வாக்கு, ஊர்ச் செல்வாக்கு எல்லாம் உள்ளே வருகின்றன. பக்கத்து ஊர் மீதுள்ள மனத்தாங்கலுக்கு அங்கேதான் புள்ளடி போட இடம் இருக்கிறது.

கல்முனையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுத் தரத்துக்கு உயர்த்த வேண்டும் என்பது அங்குள்ள தமிழரின் பல்லாண்டுக் கோரிக்கை. காணி, அனுமதிப்பத்திரம், நிதி என்று அன்றாட அலுவல்கள் எல்லாம் அதில் தொங்குகின்றன. முஸ்லிம் அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள், தமிழ்த் தலைமை இழுத்தடித்தது, கொழும்பு கண்டுகொள்ளவில்லை. 2019 ஜூனில், குண்டு வெடித்து இரண்டு மாதத்துக்குள், கல்முனை விகாரையின் தேரரும் தமிழ்ப் பிரதிநிதிகளும் சேர்ந்து இதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். மன்னிப்புப் பெற்றுச் சிறையில் இருந்து வந்திருந்த, பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் ஞானசார தேரரும் அங்கே வந்து நின்றார். கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்குக் கிடைத்த திடீர் நண்பர்கள் கல்முனைத் தமிழரின் காணிப் பிரச்சினைக்காக வரவில்லை. முஸ்லிம்களுக்கு எதிரான அலைக்குக் கிழக்கில் ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. இந்தச் செயலக விவகாரம் இன்றுவரை தீராமல் இழுபடுவதே அதற்குச் சாட்சி.

2020 ஓகஸ்ட் 5 தேர்தலில் புலிகளின் முன்னாள் கிழக்குத் தளபதி, கருணா அம்மான் என்ற விநாயகமூர்த்தி முரளிதரன் அம்பாறை மாவட்டத்துக்கு வந்து தனிப் பட்டியலில் போட்டியிட்டார். கல்முனைப் பிரச்சினையும் முஸ்லிம் தலைமைகளிடம் இருந்து தமிழரைக் காப்பது என்பதும் அவருடைய பிரசாரத்தின் நடுநாயகம். கணிசமான வாக்கு விழுந்தது, ஆசனம் கிடைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வாக்கு பிளந்தது. அதற்கும் ஆசனம் கிடைக்கவில்லை. ஏழு ஆசனங்கள் கொண்ட மாவட்டத்தில் வாக்காளரால் தெரிவான ஒரு தமிழரும் இல்லாமல் போனார். பின்னர், கட்சிகளே நியமிக்கும் தேசியப் பட்டியல் மூலம் ஒருவரை அனுப்பித்தான் கூட்டமைப்பு அந்த ஓட்டையை அடைத்தது. மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தமிழர். அவர்களைப் பாதுகாப்பதாகச் சொன்ன பிரசாரம் அவர்களுடைய ஒரே ஆசனத்தையும் கொண்டுபோனது. பயத்தில் இருக்கும் சிறுபான்மைக்கு விகிதாசார முறை மன்னிப்புக் கொடுப்பதில்லை.

மட்டக்களப்பில் பிள்ளையான் சிறையில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்குகளுடன் வென்றார். மாவட்டத்தில் அதுவே அதிகூடிய விருப்பு வாக்கு. கூட்டமைப்பில் இருந்து பிரிந்துபோன வியாழேந்திரன் பொதுஜன பெரமுனவின் பெயரில் ஓர் ஆசனம் எடுத்தார். ஒன்பது மாதத்துக்கு முன் ராஜபக்ச தரப்பை உதறித் தள்ளிய அதே மாவட்டம் ஐந்து ஆசனங்களில் இரண்டை அந்தப் பக்கம் சாய்ந்தவர்களிடம் கொடுத்தது. எல்லாவற்றையும் உயிர்த்த ஞாயிறின் தலையில் போட மாட்டேன். வேலை இல்லை, வீதி இல்லை, கூட்டமைப்புக்காரர் தேர்தலுக்குத் தேர்தல்தான் வருகிறார்கள் என்ற சலிப்பு படுவான்கரையில் உண்மையானது. ஆனால் கிழக்குத் தமிழருக்குத் தனிப் பலம் வேண்டும், அரசாங்கத்தோடு நின்றால்தான் முஸ்லிம் தலைமைகளுக்கு ஈடுகொடுக்கலாம் என்ற பேச்சுக்கு 2019க்குப் பின் கிடைத்த செவிகள் அதற்கு முன் அவ்வளவாகக் கிடைத்ததில்லை.

தேசிய அளவில் பெரமுன 145 ஆசனங்களை அள்ளியிருந்தது. பாதுகாப்புக்காகக் கொடுத்த ஆணை எப்படிப் பயன்பட்டது என்பதைக் கிழக்கு அருகில் இருந்து பார்த்தது. கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கு எதிராக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது அது நடந்த இடம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி. நாட்டின் பல மூலைகளில் இருந்தும் உடல்கள் அங்கே வந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னர், பெப்ரவரி 3 அன்று, பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை தமிழர் தொடங்கிய நடைபயணத்தில் கட்டாய எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் இருந்தது. முஸ்லிம்கள் வீதியோரம் நின்று வரவேற்றார்கள். பலர் கூடவே நடந்தார்கள். எந்தக் கட்சியும் இரு வருடமாகச் செய்யாததை அந்தச் சில நாட்கள் செய்தன.

தாக்குதலின் பின்னால் யார் என்ற கேள்வி இதற்கிடையில் தானே ஒரு தேர்தல் பிரச்சினையாகிவிட்டது. 2023 செப்டம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, பிள்ளையானின் கட்சியில் முன்னர் பேச்சாளராக இருந்த ஆசாத் மௌலானாவின் குற்றச்சாட்டுகளை ஒளிபரப்பியது. இராணுவப் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கும் சஹ்ரான் குழுவினருக்கும் சந்திப்பு ஏற்படுத்திக் கொடுத்ததாக அவர் சொன்னார். பெயர் குறிப்பிடப்பட்ட அதிகாரியும் பிள்ளையானும் மறுத்தார்கள். நீதிமன்றத்தில் சோதிக்கப்படும்வரை அது குற்றச்சாட்டு மட்டுமே. அதை மேடையில் தீர்ப்புபோல வாசிப்பதும், கேட்கக்கூட மறுப்பதும் இறந்தவர்களுக்குச் செய்யும் ஒரே அநியாயத்தின் இரண்டு வடிவங்கள்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க உயிர்த்த ஞாயிறு விசாரணையை வாக்குறுதிகளில் ஒன்றாக முன்வைத்து வென்றார். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்று, யாழ்ப்பாணம் உட்பட எல்லா மாவட்டங்களிலும் முதலிடம் பிடித்தது, ஒன்றைத் தவிர. மட்டக்களப்பில், கூட்டமைப்பின் முதன்மைக் கட்சியாக இருந்த தமிழரசுக் கட்சி ஐந்தில் மூன்று ஆசனங்களை எடுத்தது. பிள்ளையான் தோற்றார். அம்பாறை மாவட்டத்தில் நான்கு ஆண்டுக்குப் பின் தமிழருக்கு ஓர் ஆசனம் திரும்பக் கிடைத்தது. 2025 ஏப்ரல் 8 அன்று பிள்ளையான் மட்டக்களப்பில் கைதானார். காரணமாகச் சொல்லப்பட்டது உயிர்த்த ஞாயிறு அல்ல, 2006இல் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் காணாமல் போன வழக்கு.

நாட்டின் போக்கோடு மட்டக்களப்பு போகாதது இது முதல் தடவை அல்ல. 2019இல் கோட்டாபயவை மறுத்தது. 2024இல், நீதி தருவதாகச் சொன்ன கட்சிக்கும் முதலிடத்தை மறுத்தது. இரண்டாவதை முதலாவதோடு சேர்த்துப் பார்க்கிறேன். விசாரணை நடத்துவேன் என்று சொன்னவர்களை இந்த மாவட்டம் 1990களில் இருந்து பார்த்துவருகிறது. ஆணைக்குழுக்களின் முன் போய்ச் சாட்சி சொன்னவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் வாக்குறுதியை எடைபோடுவது மேடைப் பேச்சை வைத்து அல்ல, எந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் வந்த எந்த அரசாங்கமும் அந்தத் தேர்தலை நடத்தவில்லை. அது நடக்கும்போது வவுணதீவுக் கொலைகளுக்காக அடைபட்டவரின் ஐந்து மாதத்துக்கும், கல்முனை வடக்குச் செயலகத்துக்கும், ஓட்டமாவடிக்கும், சீயோனுக்கும் சேர்த்து வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கப்படும். தமிழ் ஊரில் ஒரு பதிலும் முஸ்லிம் ஊரில் இன்னொரு பதிலும் சொல்லித் தப்பும் வேட்பாளர்களை, ஒரே பஸ் பாதையில் வாழும் வாக்காளர்கள் இந்த முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.